இருட்டறையைத் திருப்பிக் கொடுங்கள்

பள்ளி ஆட்சிக்குழுத் தலைவர், செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும்

போன மாதம், ஆயுத பூஜை முடிந்த வாரத்தில், குன்னூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் கால் நின்றுவிட்டது. துருப்பிடித்த கேட்டுக்கும் ஏதோ லாரியின் கியர் பெட்டிக்கும் நடுவே ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஆறு நிறமாலைமானிகள் குவிந்து கிடந்தன. பித்தளைக் குழாய், வார்ப்பிரும்புக் கால், வட்ட அளவுகோல், இரண்டு பக்கமும் நுட்பமாக அளக்க வெர்னியர். ஒன்றின் காலில் வெள்ளைப் பெயின்ட்டில் 4 என்று எழுதியிருந்தது. எழுதியவள் நான். நம் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தின் நாலாம் நம்பர் கருவி அது. தொலைநோக்கியை மெல்ல நகர்த்தும் திருகு அதில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். செய்முறைத் தேர்வில் சீட்டு எடுக்கும்போது அது யாருக்கு விழுந்தாலும் முகம் சுருங்கும். கடைக்காரர் பித்தளைக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை என்று எடை போட்டுச் சொன்னார். தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்து நாலாம் நம்பரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மற்ற ஐந்துக்கும் கையில் காசு இல்லை.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கருவிகள் அவை. இந்த வருஷம் அதே பூஜைக்காக அறையை ஒழித்தபோது வெளியே போயிருக்கின்றன.

அவற்றை 1994 முதல் 2021 வரை 27 ஆண்டு நான் பார்த்துக்கொண்டேன். மலையில் லென்ஸைக் காப்பாற்றுவது லேசான வேலையில்லை. ஜூனில் மேகம் இறங்கிவிட்டால் துணியே காயாது. கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சை ஓடும். முற்றிவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது. அதனால் கருவி அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டிருப்போம். இந்த வீண் செலவு ஏன் என்று அலுவலகத்திலிருந்து இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள். இரண்டு முறையும் எழுதிக் கொடுத்தேன். பல்பை மட்டும் அணைக்கவில்லை. கடை வாசலில் நாலாம் நம்பரின் தொலைநோக்கியை வானத்துக்குக் காட்டிப் பார்த்தேன், லென்ஸ் இன்றும் சுத்தமாக இருக்கிறது. உடைந்த கருவிகள் என்று சொல்லித்தான் விற்றீர்கள் என்று கேள்விப்பட்டேன். உடைந்திருக்கவில்லை.

விஷயம் ஜூன் மாதச் சுற்றறிக்கையில் தொடங்கியது. இயற்பியல் இருட்டறையும் ஆய்வகத்தின் பாதியும் சேர்ந்து 'குவாண்டம் உயர்திறன் மையம்' ஆகிறது; சனிக்கிழமைதோறும் எட்டு வாரப் பயிற்சி, கட்டணம் 24,000 ரூபாய், முடிவில் சான்றிதழ்; 11, 12-ஆம் வகுப்புச் செய்முறைகள் இனி 'கூடுமானவரை' கணினித் திரையில் நடக்கும். நானும் போய்ப் பார்த்தேன். நீல விளக்கு, 12 கணினிகள், ஒரு சுவர் முழுக்கப் பெரிய படம். இருட்டறை ஜன்னலில் தொங்கிய தடித்த கறுப்புத் துணியை வைத்து டிரைவர் பள்ளி வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

என் வீட்டுக்கு இரண்டு வளைவு கீழே அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு குடும்பம். மகள் உங்கள் பள்ளியில் 12-ஆம் வகுப்பு. ஜூலையில் ஒரு சாயங்காலம் அந்த அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து என் திண்ணையில் உட்கார்ந்தார். கையில் உங்கள் துண்டறிக்கை. "டீச்சர், இது கட்டலைன்னா பிள்ளை பின்னாடி போயிரும்னு சொல்றாங்க. கட்டிரலாமா?" என்று கேட்டார். அந்த மாதம் பச்சைத் தேயிலை கிலோ 18 ரூபாய்க்குப் போனது. 24,000 ரூபாய் என்றால் 1,333 கிலோ இலை. உரமும் பறிகூலியும் கழிக்காமலே அரை ஏக்கரில் ஆறேழு மாதத்து வரும்படி. நான் அன்று வேண்டாம் என்று நறுக்கென்று சொல்லியிருக்க வேண்டும். படிப்பித்த பள்ளியைக் குறை சொல்ல வாய் வரவில்லை. யோசித்துச் செய்யுங்கள் என்று பட்டும் படாமலும் சொல்லி அனுப்பிவிட்டேன். கம்மலை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். இந்த மடலுக்கு அந்தக் கம்மலும் ஒரு காரணம்.

அந்தத் துண்டறிக்கை இப்போது என் மேசையில் இருக்கிறது. அணு, எலக்ட்ரான் அளவில் நடக்கும் குவாண்டம் விதிகளை வைத்து ஓடும் குவாண்டம் கணினியைப் பற்றியது. 'எல்லா விடைகளையும் ஒரே நொடியில் முயன்று பார்க்கும் கணினி' என்று ஒரு வரி. 'சில ஆண்டுகளில் இன்றைய கணினிகள் காலாவதி' என்று இன்னொன்று. கீழே தடித்த எழுத்தில் 'உறுதியான வேலைவாய்ப்பு'.

முதல் வரி தவறு. அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2019 அக்டோபரில் கூகுளின் செய்தி வந்தது. 53 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) கொண்ட தங்கள் சிக்கமோர் சில்லு 200 நொடியில் செய்த கணக்கைச் செய்ய ஒரு சூப்பர் கம்ப்யூட்டருக்கு 10,000 ஆண்டு ஆகும் என்றார்கள். (இரண்டரை நாள் போதும் என்று ஐபிஎம் உடனே மறுத்தது. அந்த மறுப்பு நம் பத்திரிகைகளில் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை.) நான் மறுநாளே வகுப்பில் போய், எல்லா விடையையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும் என்று கை வீசிச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மிஸ், எல்லா விடையும் உள்ள இருந்தா சரியான விடை எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். நாளை என்பது ஒரு வாரம் ஆயிற்று.

பதில் எங்கள் இருட்டறைக்குள்ளேயே இருந்தது. 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கீற்றணிச் சோதனை உண்டு. மில்லிமீட்டருக்குப் பல நூறு கோடுகள் கீறிய கண்ணாடித் துண்டை நிறமாலைமானியின் மேடையில் நிறுத்தி, பாதரச விளக்கின் ஒளியை அதன் வழியாக அனுப்ப வேண்டும். விளக்கு முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடம் ஆகும். அதுவரை இருட்டில் நின்று கிசுகிசுத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு தொலைநோக்கியை ஒரு பக்கமாக நகர்த்தினால் முதலில் ஒன்றும் தெரியாது. இருட்டு, இருட்டு, திடீரென்று ஊதாக் கோடு ஒன்று. மறுபடி இருட்டு. பிறகு நீலம், பச்சை, ஒட்டினாற்போல இரண்டு மஞ்சள். அந்த இரண்டு மஞ்சளும் தனித்தனியாகத் தெரியும் கணத்தில் பிள்ளைகளின் வாயிலிருந்து ஒரு 'ஆ' வரும். 27 ஆண்டும் அது எனக்கு அலுக்கவில்லை.

நடுவில் இருக்கும் அந்த இருட்டில் ஒளியை யாரும் மறைக்கவில்லை. ஆயிரக்கணக்கான இடுக்குகளிலிருந்தும் அங்கே ஒளி வருகிறது. ஓர் அலையின் முகடும் இன்னோர் அலையின் பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அழிந்துபோகின்றன. எல்லா அலையும் கைகோத்துக் கூடும் திசையில் மட்டும் கோடு தெரிகிறது. குவாண்டம் கணினியின் உயிரும் இதுதான். உள்ளே ஒவ்வொரு விடைக்கும் ஓர் அலை மாதிரி இருக்கிறது. கடைசியில் அளந்து பார்க்கும்போது கைக்குக் கிடைப்பதோ ஒரே ஒரு விடை. சும்மா அளந்தால் எது வேண்டுமானாலும் வரும். சீட்டுக் குலுக்கியது போலத்தான். அளப்பதற்கு முன் தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும்படியும் சரியான விடையின் அலைகள் கூடும்படியும் கணக்கை அமைக்க வேண்டும். அப்படி அமைக்கத் தெரிந்த கணக்குகள் கொஞ்சம்தான். பீட்டர் ஷோர் 1994-இல் ஒன்று கண்டார்: பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது. லவ் குரோவர் 1996-இல் இன்னொன்று: ஒழுங்கில்லாத பத்து லட்சம் பெயரில் ஒன்றைத் தேட, சராசரியாக ஐந்து லட்சம் முறை பார்ப்பதற்குப் பதில் ஆயிரத்துக்கும் குறைவான படிகளில் முடிப்பது.

அந்தப் பையனை மறுவாரம் இருட்டறைக்குக் கூட்டிப்போய் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்த இருட்டைக் காட்டினேன். "ஓ, தப்பான விடையெல்லாம் இங்க போயிருச்சா" என்றான். பத்துப் பக்கம் எழுதினாலும் நான் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

நீங்கள் இப்போது இடித்தது அந்த இடத்தை. இடித்த இடத்தில் உட்கார்ந்து குவாண்டம் நடத்துகிறீர்கள்.

'காலாவதி' என்ற இரண்டாம் வரிக்கு வருகிறேன். சம்பளப் பட்டியல் போடவும் பேருந்துச் சீட்டு கிழிக்கவும் உங்கள் துண்டறிக்கையை அச்சடிக்கவும் குவாண்டம் கணினியால் ஒரு பயனும் கிடையாது. சாதாரணக் கணினி எங்கும் போகாது. சரி, அது போகட்டும். அந்தத் துறை இன்று எங்கே நிற்கிறது என்றாவது பிள்ளைகளுக்குச் சொன்னீர்களா?

இயற்கையே குவாண்டம் விதியில் நடக்கும்போது அதைக் கணக்கிடும் கணினியும் அப்படியே இருக்க வேண்டாமா என்று இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1981-இல் ஓர் உரையில் கேட்டுவைத்த கேள்வியிலிருந்து கணக்குப் போட்டால் இதற்கு நாற்பத்து நான்கு வயது. 2001-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் ஏழு கியூபிட்டை வைத்து ஷோரின் முறையில் 15-ஐ 3, 5 என்று பிரித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாய்ப்பாட்டிலேயே சொல்லிவிடும். சிரிக்கச் சொல்லவில்லை, அது பெரிய காரியம். ஆனால் நம் இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் பூட்டுகளில் ஒன்று 617 இலக்க எண்ணில் நிற்கிறது. அதைப் பிரிக்கப் பிழைபடும் கியூபிட் இரண்டு கோடி வேண்டும் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். அந்த ஆய்வாளர்களில் ஒருவரே 2025 மே மாதம் பத்து லட்சத்துக்கும் குறைவாகப் போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்று குறைத்திருக்கிறார். ஐபிஎம் 2023 டிசம்பரில் காட்டிய காண்டார் சில்லில் இருந்தது 1,121. பள்ளத்தாக்கு எவ்வளவு அகலம் என்று பாருங்கள். எதிர்க்கரை நகர்ந்து வருகிறது என்பதையும் பாருங்கள். அதனால்தான் 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு குவாண்டம் கணினிக்கும் அசையாத மூன்று புதிய பூட்டு முறைகளை வெளியிட்டது. பூட்டிய தகவலை இன்றே திருடி வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று காத்திருப்பவர்கள் இருப்பார்கள் அல்லவா.

தடை எங்கே என்றால் பிழையில். கியூபிட் தொட்டாச்சிணுங்கி மாதிரி. சுற்றுப்புறம் லேசாகத் தொட்டாலே அதன் நிலை கலைந்துவிடும். நூறு, ஆயிரம் படிகளுக்குள் எங்காவது ஒரு படி பிசகும். அதனால் பல கியூபிட்டைச் சேர்த்துக் கட்டி நம்பகமான ஒன்றாக்குவது என்று ஏற்பாடு. வெகுகாலம் இதில் ஒரு தலைவலி இருந்தது. கூடுதல் கியூபிட் சேர்த்தால் கூடுதல் பிழையும் சேர்ந்தது. 2024 டிசம்பரில் கூகுள் தன் 105 கியூபிட் வில்லோ சில்லில் 3-க்கு 3, 5-க்கு 5, 7-க்கு 7 என்று கட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போக, ஒவ்வொரு முறையும் பிழை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. என்னைக் கேட்டால் அந்த ஆண்டின் பெரிய செய்தி இதுதான். அதோடு சேர்ந்து வந்த 'ஐந்து நிமிடத்தில் முடிந்தது, சூப்பர் கம்ப்யூட்டருக்கு அண்டத்தின் வயதைவிட அதிக காலம் ஆகும்' என்பதைத்தான் நீங்கள் துண்டறிக்கையில் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது சில்லின் வேகத்தைச் சோதிக்கவென்றே வைத்த கணக்கு. அதன் விடையால் யாருக்கும் ஒரு வேலையும் ஆகாது.

சுவர்ப் படத்துக்கும் ஒரு வார்த்தை. தங்க நிறத்தில் தலைகீழாகத் தொங்கும் அந்த அடுக்கு விளக்கு மாதிரி இருப்பதைக் காட்டி 'இதுதான் குவாண்டம் கணினி' என்று பயிற்றுநர் சொன்னதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அது குளிர்பதனப் பெட்டி. சில்லு அதன் அடித்தட்டில் விரல் நகம் அளவில் இருக்கும். மற்றதெல்லாம் குளிரூட்டும் தட்டுகளும் கம்பிகளும். தலைகுந்தாவில் ஜனவரி விடியலில் புல் மேல் வெள்ளை விரிக்கும் உறைபனியை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். இதற்குமேல் குளிரவே முடியாது என்ற நிலையைச் சுழியாக வைத்து எண்ணும் கெல்வின் அளவில் அந்தக் குளிர் ஏறக்குறைய 273. அந்தச் சில்லுக்கு வேண்டியது ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. இப்படிச் சொல்லிப் பாருங்கள், எந்தப் பிள்ளைக்கு மறக்கும்? இதைச் சொல்ல நீல விளக்கு வேண்டாம்.

இந்தத் துறையை ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி யாராவது முடிவுகட்டினால் அவரோடும் சண்டை போடுவேன். தேயிலைக்குப் போடும் யூரியா மூட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்க ஆலையில் 400 டிகிரிக்கு மேல் சூடும் காற்றழுத்தத்தைப்போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். அவரை வேரில் குடியிருக்கும் பாக்டீரியா அதே வேலையைச் சாதாரண மண்ணில், சாதாரணக் குளிரில் செய்கிறது. அதன் நொதியின் நடுவில் இருக்கும் இரும்பு, மாலிப்டினம் கொத்தில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை இன்றைய கணினிகளால் முழுசாகக் கணக்கிட முடியவில்லை. ஒவ்வோர் எலக்ட்ரானைச் சேர்க்கும்போதும் கணக்கு மடங்காகப் பெருகுகிறது. 30 கியூபிட்டின் நிலையைச் சொல்லவே 107 கோடி எண்கள் வேண்டும், 31 என்றால் அதைப்போல இரு மடங்கு. நல்ல குவாண்டம் கணினி வந்தால் இந்த மாதிரி மூலக்கூறுக் கணக்குகளில்தான் முதலில் கைகொடுக்கும் என்று நம்புகிறார்கள். ஃபெய்ன்மன் கேட்டதும் இதைத்தான். இதன் பலன் நம் மலைக்கு ஒருநாள் வரலாம். அதற்கு உழைப்பவர்களில் நம் பிள்ளை ஒருத்தி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. சான்றிதழை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவளாக அல்ல.

எந்தக் கைகள் அங்கே தேவைப்படுகின்றன என்று பாருங்கள். போன மாதம் இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷேல் டெவொரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் அறிவிக்கப்பட்டது. 1984, 1985-இல் அவர்கள் செய்த சோதனைக்கான பரிசு அது. கையில் பிடிக்கும் அளவுள்ள மின்சுற்றிலும் குவாண்டம் விதிகள் வேலை செய்வதை அந்தச் சோதனை காட்டியது. இன்றைய கூகுள், ஐபிஎம் சில்லுகளின் பாட்டன் அந்தச் சுற்று. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரு துளியும் சுற்றுக்குள் நுழையாமல் கம்பி கம்பியாக வடிகட்டி, குளிர வைத்து, பொறுமையாக அளந்தார்கள். குளிர்பதனம், வெற்றிடப் பம்பு, நுண்ணலை, லேசரை மயிரிழை பிசகாமல் நேராக்குவது: இந்த வேலைகளுக்குத்தான் ஆள் வேண்டும். மத்திய அரசு 2023 ஏப்ரலில் 6,003 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்தை ஒப்புக்கொண்டது. எட்டு ஆண்டில் 50 முதல் 1,000 கியூபிட் வரையுள்ள கணினிகளைச் செய்வது அதன் இலக்குகளில் ஒன்று. அதன் நான்கு மையங்களில் ஒன்றைச் சென்னை ஐஐடி நடத்துகிறது. அங்கே போய் உட்கார இயற்பியலோ மின்னணுவோ ஆழமாகப் படித்திருக்க வேண்டும். எட்டுச் சனிக்கிழமை போதாது.

லேசரை நேராக்குவதற்கும் நிறமாலைமானியைச் சரிசெய்வதற்கும் பழக்கம் ஒன்றுதான். தொலைநோக்கியை முதலில் தூரத்துப் பொருள் ஒன்றுக்குக் குவிக்க வேண்டும். நம் ஆய்வக ஜன்னலிலிருந்து எதிர் எஸ்டேட்டின் உச்சியில் ஒரு சில்வர் ஓக் தெரியும். 27 ஆண்டும் அதுதான் எங்கள் தூரத்துப் பொருள். மேகம் வந்து மூடிவிட்டால் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் கண்ணை எடுக்காமல் நிற்பார்கள், "வந்துருச்சு மிஸ்" என்று ஒருத்தி கத்துவாள், எல்லாரும் ஓடிப்போய்த் திருகுவார்கள். உங்கள் திரையில் மேகம் வராது. ஒரு பட்டனை அழுத்தினால் கருவி தானே சரியாகிவிடுகிறது, வெர்னியர் தானே எண்ணைச் சொல்கிறது. பிப்ரவரியில் பொதுத்தேர்வின் செய்முறைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? பக்கத்துப் பள்ளியில் கருவி இரவல் கேட்கப் போவதாகச் சொல்கிறார்கள். சொந்தக் கருவியை எடைக்குப் போட்டுவிட்டு இரவலா?

வெளியூர்ப் படத்தை ஒட்டிய நீங்கள் நம் மலையிலேயே இருப்பதைப் பார்க்கவில்லை. ஊட்டியை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. நம் இடத்தின் அட்சரேகை 11 டிகிரி. அதே 11 டிகிரியில் சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அதை அங்கே நிறுத்தினார். அதே ஊட்டியில், விண்வெளியிலிருந்து வரும் கதிர்களை ஆராயும் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தின் கிரேப்ஸ்-3 என்ற கருவித் தொகுதி இருக்கிறது. வானிலிருந்து கொட்டும் மியூவான் துகள்களை எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று மலைமேல் வந்த இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததை, மியூவான்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கண்டுபிடித்தார்கள்.

இதற்கும் குவாண்டம் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உள்ளங்கையை விரித்து நீட்டினால் நொடிக்கு ஒன்றாவது அதன் வழியாகப் போகும் இதே மியூவான்கள், கடுங்குளிரில் இருக்கும் அந்தச் சில்லையும் விடுவதில்லை. கதிர் ஒன்று பாய்ந்தால் பக்கம் பக்கமாக உள்ள பல கியூபிட்டுகள் ஒரே நேரத்தில் கலைகின்றன. பிழைத்திருத்தமோ, பிழைகள் தனித்தனியாக வரும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. 2020-க்குப் பிறகு வந்த ஆய்வுகள் இதை அளந்து காட்டின. சிலர் சில்லை மலைக்கடியில் கொண்டுபோய் வைத்தே சோதிக்கிறார்கள். உலகத்தின் குவாண்டம் ஆய்வகங்களைத் தொந்தரவு செய்யும் துகளை எண்ணும் இடம் நம் பள்ளியிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு மாலையில் திரும்பும் தூரத்தில் இருக்கிறது. பயிற்சியின் எட்டுச் சனிக்கிழமையில் ஒன்றில்கூட அங்கே கூட்டிப்போகவில்லை.

உங்கள் பக்க நியாயத்தையும் பார்த்தேன். அறிவியல் பிரிவில் சேர்க்கை குறைகிறது, பெற்றோர் புதிதாக ஏதாவது கேட்கிறார்கள், கீழே கோவையில் உள்ள பள்ளிகளோடு போட்டி போட வேண்டியிருக்கிறது என்று செயலர் சொன்னதாக அறிந்தேன். உண்மைதான். ஆனால் ஆய்வக உதவியாளர் இடம் நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே காலியாக இருந்தது, இன்றும் நிரப்பவில்லை. கருவியை எடுத்து வைக்க ஆளில்லாத இடத்தில் பிள்ளைகள் இயற்பியலை விரும்பவில்லை என்று சொல்வது சரியா? இன்னொன்று, உங்கள் பயிற்சியில் பெரும்பகுதி கிஸ்கிட் என்ற மென்பொருளில் நடக்கிறது. அது இலவசம். ஐபிஎம் தன் உண்மையான குவாண்டம் கணினியை 2016-இலிருந்து இணையம் வழியாகத் திறந்து வைத்திருக்கிறது; கணக்குத் தொடங்கினால் மாதம் பத்து நிமிடம் காசில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். அதற்குத்தான் 1,333 கிலோ இலை.

நான் கேட்பது இவை. 24,000 ரூபாயை எல்லாக் குடும்பத்துக்கும் திருப்பிக் கொடுங்கள். முழுசாக முடியாது என்றால் செலவுக் கணக்கைப் பெற்றோர் முன் வைத்து மீதியைக் கொடுங்கள். அடகு வைத்துக் கட்டியவர்களுக்கு முதலில். 'உறுதியான வேலைவாய்ப்பு' என்ற வரியையும் மற்ற இரண்டு வரிகளையும் துண்டறிக்கையிலிருந்தும் வாசல் பலகையிலிருந்தும் இந்த வாரமே எடுங்கள். இருட்டறையை ஜனவரி பொங்கல் விடுமுறைக்குள் பழையபடி ஆக்குங்கள், கறுப்புத் துணி உட்பட. அந்த ஐந்து கருவிகளும் நேற்று வரை அதே கடையில் இருந்தன. உருக்குவதற்குள் ஆளனுப்பி மீட்டுக்கொள்ளுங்கள். 11, 12-ஆம் வகுப்புச் செய்முறைகள் ஒன்றுவிடாமல் கையால் நடக்கும் என்று எழுத்தில் சுற்றறிக்கை விடுங்கள். ஆய்வக உதவியாளரை நியமியுங்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளை ஒட்டி முத்தோரைக்கும் காஸ்மிக் கதிர் ஆய்வகத்துக்கும் முறையாக அனுமதி கேட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.

அந்த 12 கணினிகளை வெளியே தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவை இருக்கட்டும். காலையில் இருட்டறையில் கீற்றணி, மதியம் கணினியில் கிஸ்கிட் என்று வைத்தால் பிள்ளைகளுக்கு இரண்டும் பிடிபடும். சனிக்கிழமைகளில் வந்து நான் நடத்துகிறேன், சம்பளம் வேண்டாம். டீ மட்டும் கொடுங்கள், சர்க்கரை இல்லாமல்.

டிசம்பர் 15-க்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால் இதே மடலை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கும் கொண்டுபோவேன். கடை ரசீதும் துண்டறிக்கையும் என்னிடம் இருக்கின்றன.

நாலாம் நம்பர் என் வீட்டு அலமாரியில், பல்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அறை தயாரானதும் சொல்லுங்கள், கொண்டுவருகிறேன். அந்தத் திருகை மட்டும் யாராவது இறுக்கிக் கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை
கோத்தகிரி
நவம்பர் 2025